வில்லங்கம் போட்டுப் பார்த்த பங்கு

காலாண்டு முடிவு வரும்போதெல்லாம் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது "ரெப்கோ என்னாச்சுண்ணே?" என்று கேட்டுவிடுகிறார்கள். அவர்கள் கேட்பது விலையை. விலை அவர்கள் கைப்பேசியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு நான் எதற்கு? நான் வேறு ஏதோ சொல்ல ஆரம்பிப்பேன், அவர்கள் "சரிண்ணே, ஏறுமா ஏறாதா?" என்பார்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நின்று கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்காக ஒருதடவை முழுசாக எழுதி வைக்கிறேன்.

நான் பத்திர எழுத்தர். திருச்சியில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் கடை. ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ் பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன், கொரோனாவுக்குப் பிறகு விலை விழுந்து கிடந்த சமயத்தில் சிறுகச் சிறுக வாங்கியது. பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியில் பதிவு செய்த ஆலோசகன் கிடையாது. இதைப் படித்துவிட்டு யாரும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். கையில் வைத்திருப்பவன் பேசும்போது பேச்சில் கொஞ்சம் பாசம் ஒட்டியிருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கம்பெனியைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக மத்திய அரசு 1969-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் ரெப்கோ வங்கி. 'தாயகம் திரும்பியோர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் கூட்டுறவும் சேர்ந்து சுருங்கி 'ரெப்கோ' ஆனது. அந்த வங்கி 2000-ல் தொடங்கியதுதான் இந்த வீட்டுக் கடன் கம்பெனி. தலைமையிடம் சென்னை. கடன்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில். வாங்கியவர்களிலும் பாதிக்கு மேல் மாதச் சம்பளம் இல்லாதவர்கள்: கடைக்காரர், லேத் பட்டறைக்காரர், லாரி வைத்திருப்பவர், மளிகைக்கடைக்காரர். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதில்லை. வங்கிகளிடமும் தேசிய வீட்டுவசதி வங்கியிடமும் கடன் வாங்கி, அதை இவர்களுக்குக் கொடுக்கிறது.

2013 மார்ச்சில் பங்கு வெளியீடு, விலை 172 ரூபாய். ஏப்ரல் 1-ஆம் தேதி பட்டியலான அன்று அந்த விலைக்குக் கீழேதான் முடிந்தது. தேதியைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் 2016, 2017-க்குள் அதே பங்கு எண்ணூறு, தொள்ளாயிரம் என்று போனது. 172-க்குக் கிடைத்ததை விற்காமல் வைத்திருந்தவர்கள் ஐந்து மடங்கு பார்த்தார்கள். 2020 மார்ச்சில் நூறு ரூபாய்ப் பக்கம் வந்து நின்றது.

தொள்ளாயிரத்திலிருந்து நூறுக்கு வந்ததற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் கொரோனா என்பார்கள். கொரோனா கடைசி அடி, அவ்வளவுதான். முதல் அடி விழுந்ததை நான் கடையில் உட்கார்ந்தே பார்த்தேன்.

2016 செப்டம்பர் 9. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்ட நாள். வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. தமிழ்நாட்டில் சின்ன ஊர்களைச் சுற்றி அன்றைக்கு விற்றுக்கொண்டிருந்த மனைகளில் டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்புத் துறை, அப்ரூவல் உள்ளதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வயலில் கல் நட்டு, மஞ்சள் கொடி கட்டி, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று நோட்டீஸ் அடித்து விற்றதுதான் அதிகம். உத்தரவு வந்ததும் எழுதி வைத்த பத்திரங்கள் மேஜையிலேயே தங்கிவிட்டன. முத்திரைத்தாள் வாங்கியாயிற்று, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, சாட்சிக்கு ஆள் வந்தாயிற்று, உள்ளே டோக்கன் மட்டும் கிடையாது. எங்கள் தெருவில் டீ கூட ஓடவில்லை. அடுத்த வருடம் மே மாதத்தில், அந்த மனைகளை முறைப்படுத்திக்கொள்ளும் வரன்முறை விதிகள் வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். நடுவில் நவம்பர் 8-ஆம் தேதி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வேறு.

2017 ஜூனில், பதிவுக்காக நிலத்துக்கு அரசே நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்த அரசு, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நாலு சதவீதமாக ஏற்றியது. ஒரு கை கொடுத்தது, ஒரு கை எடுத்தது. பத்திரத்தில் காட்டுகிற தொகை குறையும்போது, அதை வைத்துக் கடன் கணக்குப் போடுகிற இடங்களில் கடனும் குறையும். மீதியைக் கையில் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். அதே வருடக் கடைசியில் மணல் தட்டுப்பாடு, மணல் குவாரிகளை மூடச்சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு. அஸ்திவாரத்தோடு நின்ற வீடுகளுக்குக் கணக்கே இல்லை. வீட்டுக் கடன் கம்பெனிகள் பணத்தை மொத்தமாகத் தருவதில்லை. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் தருவார்கள். மணல் வரவில்லை என்றால் லிண்டல் வராது, லிண்டல் வரவில்லை என்றால் அடுத்த செக்கும் வராது.

மும்பையில் உட்கார்ந்து இந்தப் பங்கைப் பார்த்தவருக்கு இதெல்லாம் 'தமிழ்நாட்டில் மந்தம்' என்ற ஒரு வரி. எனக்கு அது வருமானமில்லாத ஒரு வருடம். பங்குச்சந்தையை எட்டிப் பார்க்கும் எண்ணமே எனக்கு அப்போதுதான் வந்தது. என் தொழிலும் இந்தக் கம்பெனி தொழிலும் ஒரே கிணற்றுத் தண்ணீர் என்று தெரிந்தது. அந்த ஊற்று வற்றுவதும் சுரப்பதும் எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரியும் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. அந்த நினைப்பு பாதிதான் சரி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. 2018 செப்டம்பரில் ஐஎல்எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கவிழ்ந்தது, டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக் கடன் கம்பெனியின் பங்கு ஒரே நாளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தது, வீட்டுக் கடன் கம்பெனி என்றாலே கடன் கொடுக்க வங்கிகள் யோசித்தன. 2020-ல் கொரோனா, ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்பு. 2021 நவம்பர் 12-ல் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை. இந்தக் கடைசி விஷயத்தைச் சிறு முதலீட்டாளர்கள் பலர் கவனிக்கவே இல்லை, இந்த மாதிரிக் கம்பெனிக்கு உண்மையான இடி அதுதான். அதற்கு முன் ஒருவர் நாலு தவணை நிலுவை வைத்து வாராக்கடன் ஆகிவிட்டாலும், இரண்டு தவணையைக் கட்டினால் திரும்ப நல்ல கணக்கில் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் நிதி நிறுவனங்களில் இருந்தது. சுற்றறிக்கை சொன்னது: ஒருதடவை வாராக்கடன் ஆனால், நிலுவை முழுவதும் தீரும்வரை அது வாராக்கடன்தான். மாதச் சம்பளக்காரருக்கு இதனால் பெரிய வித்தியாசமில்லை. தீபாவளிக்கு ஒரு கை, தைக்கு ஒரு கை என்று சம்பாதிக்கிற கடைக்காரருக்கு இது வேறு கதை. 2022 மார்ச்சில் ரெப்கோவின் மொத்த வாராக்கடன் ஏழு சதவீதத்தை ஒட்டி நின்றது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டீக்கடைக் கமிட்டி உருவானது. மொத்தம் நாலு பேர். கரூர்ப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், எங்களுக்கு அவர் 'பேங்க் சார்'. செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, எதற்கும் சார்ட் திறப்பவன். முத்திரைத்தாள் விற்கும் அண்ணன், டிவிடெண்ட் தருமா என்பது மட்டுமே அவர் கேள்வி. அப்புறம் நான்.

விவாதம் எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கும்: புக் வேல்யூ. கம்பெனியின் சொத்திலிருந்து கடனைக் கழித்து, இருக்கிற ஆறேகால் கோடிப் பங்குகளால் வகுத்தால் 2022-ல் பங்குக்கு முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு மேல் வந்தது. சந்தையில் விலை அதில் பாதி.

"நூறு ரூபா நோட்டு அம்பது ரூபாய்க்குக் கிடைக்குது சார், கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்பான் தம்பி.

"கண்ணை மூடுனா நோட்டு நல்ல நோட்டான்னு எப்படிடா பார்ப்ப?" என்பார் பேங்க் சார்.

அவர் அப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி முடிந்த விதத்தை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதன்மேல் திருத்த நடவடிக்கை எடுத்தது. அக்டோபரில் இந்தியாபுல்ஸ் இணைப்புக்கு அனுமதி மறுத்தது. 2020 செப்டம்பர் 25-ல் பங்குதாரர்களே கூடி, நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். இந்திய வங்கி வரலாற்றில் அப்படி நடப்பது அபூர்வம். நவம்பர் 17-ல் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று தடை. 27-ஆம் தேதி அது சிங்கப்பூர்க்காரர்களின் டிபிஎஸ் வங்கியோடு இணைந்துவிட்டது. டெபாசிட்தாரர்கள் ஒரு பைசாகூட இழக்கவில்லை. பங்குதாரர்களுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. பங்கு மூலதனம் முழுவதும் பூஜ்யமாக எழுதப்பட்டது. கடைசி வாரத்திலும் ஏழெட்டு ரூபாய்க்கு அதை வாங்கியவர்கள் இருந்தார்கள், 'முகமதிப்பே, அதாவது பங்கில் போட்டிருக்கும் மதிப்பே, பத்து ரூபாய்' என்ற தைரியத்தில்.

"புக் வேல்யூங்கிறது கம்பெனி தனக்குத்தானே போட்டுக்கிட்ட மார்க்கு. எக்ஸாமினர் வேற ஆளு" என்பது பேங்க் சாரின் கட்சி. கடன் கொடுக்கிற கம்பெனியில் 'சொத்து' என்பதே மற்றவர்கள் திருப்பித் தர வேண்டிய பணம். பத்தில் ஒரு பங்கு வராமல் போனாலே மூலதனத்தில் பெரிய ஓட்டை. அதனால் சந்தை பாதி விலை போடும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது, அந்தப் பணம் வருமா என்பதுதான்.

இந்த இடத்தில் அடமானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லட்சுமி விலாஸில் மாட்டியவை பெரிய கம்பெனிக் கடன்கள். இங்கே பதினைந்து லட்சம், இருபது லட்சம் கடன், அதற்கு ஆள் குடியிருக்கும் வீடு ஈடு. நம் ஊரில் மனுஷன் கடன் வாங்கியாவது வீட்டைக் காப்பாற்றுவான். கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டை எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ், பிறகு சுவாதீன அறிவிப்பு, அதை ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் போட்டாக வேண்டும். அந்தக் கட்டம் வரும்போது மச்சான், மாமனார், சீட்டுப் பணம், நகை என்று எங்கிருந்தாவது புரட்டிவிடுகிறார்கள். பேப்பரில் வீட்டு நான்கெல்லையோடு பெயர் வருவது இங்கே சாவுச் செய்தியைவிடப் பெரிய அவமானம். நான் காலையில் பேப்பர் திறந்ததும் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான், தொழில் பழக்கம்.

அதனால் என் கணக்கு இப்படி இருந்தது: பணம் தாமதமாக வரும், ஆனால் வரும். அது சரியாகவே நடந்தது. 2021-22-ல் வாராக்கடனுக்கென்று இருநூறு கோடிக்கு மேல் ஒதுக்கியதால் லாபம் நூற்றுத் தொண்ணூறு கோடிச் சொச்சம்தான். 2023-24-ல் அந்த ஒதுக்கீட்டுக்கு அநேகமாக அவசியமே இல்லாமல் போனது. லாபம் முந்நூற்றுத் தொண்ணூறு கோடியைத் தாண்டியது. விலையும் இரட்டிப்புக்கு மேல் ஆனது. தம்பி எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான்.

சந்தோஷம்தான். ஆனால் அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கம்பெனி இரண்டு மடங்கு வியாபாரம் செய்ததாலா? 2020-லிருந்து 2022 வரை கடன் புத்தகம், அதாவது கொடுத்து இன்னும் வர வேண்டிய மொத்தக் கடன், பன்னிரண்டாயிரம் கோடியைச் சுற்றியேதான் நின்றது. லாபம் கூடியதற்குப் பெரும்பங்கு, முன்பு ஒதுக்கிய அளவுக்கு இப்போது ஒதுக்க வேண்டியிருக்கவில்லை என்பதே. ஒதுக்கீடு ஒருமுறைதான் குறைய முடியும். பூஜ்யத்துக்குக் கீழே கொஞ்சம் போகலாம், பழைய ஒதுக்கீடு திரும்பி வரும். அதுவும் தீர்ந்த பிறகு?

இங்கேதான் வில்லங்கச் சான்று வருகிறது, ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றின் பட்டியல்.

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் யார் வேண்டுமானாலும் வில்லங்கம் பார்க்கலாம், காசு கிடையாது. எனக்கு அது தினசரி வேலை. கிரயத்துக்கு வருகிற எந்த வீட்டுக்கும் முப்பது வருட வில்லங்கம் போட்டு வரிசையாகப் படிப்பேன். தினமும் படிப்பவனுக்கு அதில் ஒரு வடிவம் தெரியும். 2011-ல் மனை கிரயம். 2013-ல் 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு', அதாவது கடனுக்குப் பத்திரத்தை ஈடாகக் கொடுத்தது, நாங்கள் எம்ஓடி என்போம், ஒரு வீட்டுக் கடன் கம்பெனி பெயரில். 2019-ல் ரசீது, அதாவது கடன் தீர்ந்தது. அதே வாரத்தில் இன்னொரு எம்ஓடி, இந்தமுறை ஒரு பொதுத்துறை வங்கி பெயரில், தொகை முன்னதைவிடக் கூடுதல். வாரம் மாறவில்லை, ஆள் மாறவில்லை, வீடு மாறவில்லை. கடன் கொடுத்தவர் மட்டும் மாறிவிட்டார். இதற்குத்தான் டேக் ஓவர் என்று பெயர்.

எப்படி நடக்கிறது என்று ஒரு மாதிரி சொல்கிறேன். துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். பெல் கம்பெனிக்கு ஜாப் ஒர்க். வருமான வரிக் கணக்கு ஒழுங்காகக் கட்டியதில்லை. வங்கிக்குப் போனால் மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள், அதோடு கதை முடியும். வீட்டுக் கடன் கம்பெனி ஆள் பட்டறைக்கே வருவார். பில் புத்தகத்தைப் புரட்டுவார், எத்தனை மிஷின் ஓடுகிறது என்று எண்ணுவார், பக்கத்துக் கடையில் விசாரிப்பார், 'மாசம் இவ்வளவு கட்டுவார்' என்று முடிவு செய்து கடன் கொடுப்பார். வட்டி வங்கியைவிடக் கூடுதல்தான். ஆனால் வேறு யார் கொடுப்பார்கள்? ஐந்தாறு வருடம் அவர் ஒழுங்காகக் கட்டுகிறார். ஒழுங்காகக் கடன் கட்டுகிறாரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் ஏறுகிறது. ஜிஎஸ்டி வந்ததால் பில்லெல்லாம் கணக்கில் ஏறி, ரிட்டர்னும் போடுகிறார். இப்போது வங்கி மேலாளர் அவரைத் தேடி வருகிறார். குறைந்த வட்டி, மேல்கொண்டு டாப்-அப் என்று கூடுதல் கடன். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது என்பது விதி. போகாமல் இருப்பாரா?

நாற்று விட்டது இவர்கள், அறுப்பது அவர்கள். அது மட்டுமா, போகிறவர் நல்ல கடன்காரர். தவணை தவறுகிறவரை எந்த வங்கியும் டேக் ஓவர் செய்யாது. அவர் இங்கேயேதான் இருப்பார்.

இதை ஆண்டறிக்கையில் எங்கே பார்ப்பது? 2023-24-ல் கம்பெனி புதிதாகக் கொடுத்த கடன் மூவாயிரம் கோடிக்கு மேல். ஆனால் கடன் புத்தகம் கூடியது ஆயிரம் கோடிச் சொச்சம்தான். மற்ற இரண்டாயிரம் கோடி எங்கே? கொஞ்சம் மாதத் தவணையில் திரும்பிய அசல், அது இயல்பு. கொஞ்சம் வீட்டை விற்று அடைத்தது. மிச்சம் டேக் ஓவர். மூன்று ரூபாய் ஊற்றினால் ஒரு ரூபாய்தான் தங்குகிறது. காலாண்டுக் கலந்துரையாடலில் பகுப்பாய்வாளர்கள் இதைக் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்டதும் பதிலும் எழுத்து வடிவில் பங்குச்சந்தை தளத்திலேயே கிடைக்கும். எல்லாச் சிறு முதலீட்டாளர்களும் படிக்கலாம், படிப்பவர்கள் குறைவு. லாபம், ஈபிஎஸ் என்கிற பங்குக்கான லாபம், டிவிடெண்ட் மூன்றையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, குறைக்கத் தொடங்கியபோது கமிட்டியில் ஒரே குதூகலம். பிப்ரவரியில் ஆறரையிலிருந்து ஆறேகால், ஜூனில் ஐந்தரை. "ஃபைனான்ஸ் கம்பெனிக்கெல்லாம் ஜாக்பாட்ணே" என்றான் தம்பி. வாங்குகிற கடனின் வட்டி குறையும் என்பது உண்மை. ஆனால் வங்கிகளின் வீட்டுக் கடன் 2019 அக்டோபரிலிருந்தே ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது. ரெப்போ குறைந்ததும் வங்கி வட்டி மளமளவென்று இறங்கும். இந்தக் கம்பெனிகள் அவ்வளவு வேகமாக இறக்க முடியாது. இடைவெளி பெரிதாகப் பெரிதாக லேத் பட்டறைக்காரருக்கு வரும் ஃபோன் கால்களும் கூடும். வட்டிக் குறைப்பு இவர்களுக்கு நல்ல செய்திதான், ஆனால் தம்பி நினைத்த அளவுக்கு இல்லை. என் மேஜைக்கு அந்த மாதங்களில் ரசீதுப் பத்திரம் எழுத வந்தவர்களைப் பார்த்தாலே தெரிந்தது.

முன்பு சொன்ன 'பாதிதான் சரி' இதுதான். பதிவு அலுவலகத்தில் கூட்டம் கூடினால் கம்பெனிக்கு நல்லது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கூட்டம் கிரயத்துக்கா, ரசீதுக்கா என்று பார்க்க வேண்டும்.

மற்றபடி இந்தப் பங்கைப் பின்தொடர்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சின்ன விஷயம் ஒன்று. ஜூன் காலாண்டில் வாராக்கடன் ஏறும், மார்ச்சில் இறங்கும். வருடா வருடம் இதே கூத்து. ஆண்டுக் கடைசியில் வசூல் முடுக்கிவிடப்படும், ஏப்ரலில் எல்லோரும் இளைப்பாறுவார்கள், பள்ளிக்கூடக் கட்டணமும் அப்போதுதான் வரும். மார்ச் முடிவைப் பார்த்து வாங்கி, ஜூன் முடிவைப் பார்த்துப் பயந்து விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சென்ற ஜூனோடு இந்த ஜூனை ஒப்பிட்டால் போதும்.

இன்னொன்றும் உண்டு. பங்குதாரர் பட்டியலில் 'இரண்டு லட்சம் ரூபாய் வரை வைத்திருக்கும் தனிநபர்கள்' என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்து 'சின்ன ஆட்கள் குறைகிறார்கள், பெரிய கை வாங்குது' என்று தம்பி சோதிடம் சொல்வான். அந்த இரண்டு லட்சம் முகமதிப்பில். பத்து ரூபாய் முகமதிப்பு என்றால் இருபதாயிரம் பங்குகள். பங்கு நானூறு ரூபாய் விற்கும்போது எண்பது லட்சம் ரூபாய் போட்டவரும் 'சின்ன ஆள்' கணக்கில்தான் வருவார். அப்படியானால் நானெல்லாம் எந்தக் கணக்கு?

2024 ஜூலை வாக்கில் விலை ஐந்நூறைத் தாண்டியபோது முத்திரைத்தாள் அண்ணன் பாதியை விற்றுத் திருமணச் செலவுக்கு வைத்துக்கொண்டார். அடுத்த வருடத் தொடக்கத்தில் அது முந்நூற்றுச் சொச்சத்துக்கு வந்தபோது அவரை எல்லோரும் தீர்க்கதரிசி என்றார்கள். அவருக்கு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் வீட்டிலோ விலை எங்கே இருந்தாலும் ஒரே வசனம்: "அந்தக் காசுக்கு அன்னைக்கே ரெண்டு பவுன் எடுத்திருந்தா?" கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

நான் இன்னும் விற்கவில்லை, மேற்கொண்டு வாங்கவும் இல்லை. வாராக்கடன் கதை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இனி தங்குகிற ரூபாயின் கதைதான். ஏஜிஎம், அதாவது பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம், இப்போது காணொளியில் நடக்கிறது, பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். இந்தமுறை கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கேள்வி ஒன்றுதான்: டேக் ஓவரில் போகிற கடன் சராசரியாக எத்தனையாவது வருடத்தில் போகிறது? மூன்றாம் வருடம் என்றால் இவர்கள் ஆளைத் தேடிப் பிடித்த செலவுகூடத் தேறுமா என்பது சந்தேகம். ஏழாம் வருடம் என்றால் பரவாயில்லை, போகட்டும். பேங்க் சாரிடம் சொன்னேன். "டிவிடெண்ட் எப்ப கூட்டுவீங்கன்னு கேளுய்யா. அதுக்குத்தான் தயாரா பதில் வச்சிருப்பாங்க" என்கிறார்.